பெட்போர்ட் சிஎஃப் மோட்டர்ஹோம்: பாத்ரூமை வெட்டாமல் வெளியே எடுக்க வழி இருக்கிறதா?

தெஹிவளை_வான்

வணக்கம். 1981 பெட்போர்ட் சிஎஃப் வான் மீது கட்டிய மோட்டர்ஹோம், தெஹிவளையில் கொட்டகைக்குள் நிற்கிறது. மரச்சட்டம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே 3 மி.மீ. பிளைவூட், நடுவில் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை). பாத்ரூம் பின்பக்க இடது மூலையில். அகலம் 78 செ.மீ., ஆழம் 92, உயரம் 186. வாசல் கதவு திறந்தால் கிடைக்கிற இடைவெளி 54 செ.மீ. மட்டும். பின் ஜன்னலின் உயரமும் கிட்டத்தட்ட அதேதான்.

குளிக்கும்போது நிற்கிற ஷவர் தட்டுக்கு அருகே தரையை மிதித்தால் அமுங்குகிறது. அதனால் பாத்ரூமைக் கழற்றாமல் தரையைப் பார்க்க முடியாது. இதே யூனிட்டைத் திரும்பப் பூட்ட வேண்டும், இங்கே வேறு கிடைக்காது. பாத்ரூம் சுவரின் மறுபக்கத்தில் பழைய கேஸ் வாட்டர் ஹீட்டர், அதன் பின்னால் சாம்பல் நிறப் பலகை ஒன்று. கூரையும் அந்த மூலையில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

முழுதாக வருமா, வெட்டத்தான் வேண்டுமா? வெட்டுவதென்றால் எங்கே? எதை முதலில் கழற்றுவது? தெரிந்த அண்ணாமார் சொல்லுங்கள்.

கூரைச்சட்டம்

தம்பி, வெட்டுகிற கதை பிறகு. முதலில் கூரைக்கு முட்டுக் கொடுங்கள். இந்த மாதிரி உடம்புகளில் பாத்ரூமின் தடுப்புச் சுவர்தான் கூரைக்கு நடுத்தூண். சட்டம் நல்ல நிலையில் இருந்தால் சுவரை எடுத்தாலும் தாங்கும். உங்களுடையது ஏற்கெனவே இறங்கியிருக்கிறது என்றால் அந்தச் சுவர்தான் இப்போது கூரையைத் தூக்கி வைத்திருக்கிறது. எடுத்தவுடன் இன்னும் இறங்கும், மேலே தண்ணீர் தேங்கும், தகட்டுப் பொருத்துகள் வாய் திறக்கும்.

2க்கு 2 அங்குல மரம் இரண்டு போதும். மேலேயும் கீழேயும் ஓர் அடிச் சதுரப் பிளைவூட் துண்டு வைத்து, ஆப்புத் தட்டி, கூரையைத் தொட்டு இறுக்கமாக நிற்கிற அளவோடு நிறுத்துங்கள். கீழ்த்துண்டு அமுங்குகிற தரையில் நிற்கக் கூடாது. அடியில் சேசிஸ் குறுக்குச்சட்டம் ஓடுகிற இடத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஜாக்கி வைத்து ஒரே நாளில் பழைய உயரத்துக்குத் தூக்கப் பார்க்காதீர்கள், உள் பிளைவூட் வெடிக்கும். முட்டுக் கொடுத்த பிறகு மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து எழுதி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்த எண்கள் கட்டாயம் தேவைப்படும்.

அடுத்தது இணைப்புகள். கேஸ் சிலிண்டரைக் கழற்றி வண்டிக்கு வெளியே வையுங்கள். ஹீட்டருக்குப் போகிற செப்புக்குழாயை மடித்து நசுக்கி விடுவது இங்கே வழக்கம், அது மூடல் அல்ல. மற்ற அடுப்புக்கு கேஸ் தேவையென்றால் குழாயை வெட்டி, அதன் அளவுக்கான கம்ப்ரெஷன் மூடி (நட்டை இறுக்கிப் பூட்டுகிற மூடி) போட்டு, சோப்பு நுரையால் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் 5/16 அங்குலக் குழாயும் வரும், 8 மி.மீ. குழாயும் வரும். கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும், அளந்து விட்டே மூடி வாங்குங்கள். 12 வோல்ட் பற்றரியின் நெகட்டிவ் வயரை எடுங்கள், வெளி 230 வோல்ட் இணைப்பையும் பிடுங்குங்கள்.

வயர்கள் ரெஜிபோமைத் தொட்டு ஓடியிருந்தால் ஒவ்வொன்றையும் வளைத்துப் பாருங்கள். பிவிசி உறையில் இருக்கிற மென்மையாக்கி ரெஜிபோமுக்குள் இறங்கிவிடும். உறை காய்ந்து, தொட்டால் உடையும். அப்படியானதை மாற்றுவதைத் தவிர வழியில்லை. புது வயரைக் குழாய்க்குள் விட்டு ஓட்டுங்கள்.

சாம்பல் பலகையைத் துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம். பிரிட்டனில் நீல, பழுப்பு அஸ்பெஸ்டஸ் 1985 இலும் வெள்ளை 1999 இலும்தான் தடை செய்யப்பட்டன. 1981 வண்டியில் ஹீட்டருக்குப் பின்னால் சாம்பல் பலகை என்றால் அஸ்பெஸ்டஸ் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்து, ஸ்க்ரூவை மட்டும் கையால் கழற்றி, முழுப் பலகையாக எடுத்து, தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டுங்கள். துணி மாஸ்க் இதற்கு உதவாது, நுண்ணிய தூசியைப் பிடிக்கிற பி3 வடிகட்டி போட்ட மாஸ்க் வேண்டும். இங்கே அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை நாங்கள் சர்வசாதாரணமாக அறுக்கிறோம் என்பதற்காக இதையும் அப்படி நினைக்க வேண்டாம்.

பைபர்வேலை

வெட்டலாமா என்பதற்கு முன் இது என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். எல்லாரும் “பைபர்” என்றுதான் சொல்வார்கள், பாதி நேரம் அது ஏபிஎஸ் பிளாஸ்டிக்.

சுவரின் பின்பக்கத்தைத் தடவுங்கள். நார் குத்தி, சொரசொரவென்று இருந்தால் பைபர்கிளாஸ். இரு பக்கமும் வழவழப்பு என்றால் ஏபிஎஸ். சந்தேகமென்றால் மறைவான ஓரத்தில் பஞ்சில் ஒரு துளி அசிட்டோன் வைத்து அரை நிமிடம் பாருங்கள். ஏபிஎஸ் என்றால் பிசுபிசுக்கும், பைபருக்கு ஒன்றும் ஆகாது. இதனால்தான் ஏபிஎஸ் சுவரில் பழைய பசையைத் தின்னர் கொண்டு துடைக்கக் கூடாது, பளபளப்பு போய் முகமே கெட்டுவிடும்.

இரண்டாவது, தட்டும் சுவரும் ஒரே வார்ப்பா, தனித்தனியா? உள்மூலைகளில் ஒரு பிளாஸ்டிக் பட்டி மேலிருந்து கீழே ஓடுகிறதா பாருங்கள். இருந்தால் வெட்ட வேண்டிய தேவையே வராமல் போகலாம். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தெஹிவளை_வான்

பார்த்தேன். சுவர்கள் இரு பக்கமும் வழவழப்பு, அசிட்டோனில் பிசுபிசுத்தது. தட்டின் அடியில் ஓரத்தில் கைவிட்டால் நார் குத்துகிறது. பின்மூலையில் பட்டி இல்லை, இரண்டு சுவரும் சேர்ந்து ஒரே துண்டாக ட வடிவில் வளைந்து போகிறது. கதவுப் பக்கத்து மூலையில் வெள்ளைப் பட்டி இருக்கிறது.

பைபர்வேலை

நல்ல செய்தி. ஏபிஎஸ் சுவர், பைபர் தட்டு. கிரைண்டரைத் தொடவே வேண்டாம்.

தட்டின் விளிம்பு சுவருக்குப் பின்னால் மேலே ஏறி நிற்கும், சுவரில் வழிகிற தண்ணீர் தட்டுக்குள் விழுவதற்காக. ஆகவே சுவர் முதலில், தட்டு கடைசியில். மாற்றிச் செய்தால் சுவரின் கீழ் ஓரம் உடையும்.

கண்ணாடி, அலமாரி, குழாய், கதவுச் சட்டம், கூரை ஓரப் பட்டி, இந்த வரிசையில் கழற்றுங்கள். பட்டியின் நடுவில் இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் நாடாவை ஒரு முனையில் கிளப்பி இழுத்தால் அடியில் ஸ்க்ரூ வரிசை தெரியும். கண்ணாடிக்குப் பின்னாலும் சோப்புத் தட்டுக்கு அடியிலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். சுவர் வராவிட்டால் இழுக்காதீர்கள், இன்னும் ஒரு ஸ்க்ரூ எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். 40 வருடப் பழைய ஏபிஎஸ் வளையாது, ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து கீறல் ஓடும்.

துருப்பிடித்த ஸ்க்ரூவுக்கு, தலையின் வெட்டை ஊசியால் சுத்தம் செய்து, சூடான சோல்டரிங் அயனைத் தலையில் ஒரு நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, இறுக்கமாகப் பொருந்துகிற ஸ்க்ரூடிரைவரால் முதலில் இறுக்குகிற பக்கம் கொஞ்சம் அசையுங்கள், பிறகு கழற்றுங்கள். பாப் ரிவெட் என்றால் அதே விட்டமுள்ள டிரில் பிட்: 1/8 அங்குலம் அல்லது 3/16. தலை கழன்றவுடன் நிறுத்துங்கள். பிட்டில் டேப் சுற்றி 4 மி.மீ. ஆழம் குறித்துக் கொள்ளுங்கள், இல்லையென்றால் வெளித் தகட்டில் ஓட்டை விழும்.

மெஸ்டிக் பசை இருக்கிற இடத்தில் மெல்லிய கிட்டார் கம்பியை இரண்டு முனையிலும் குச்சி கட்டி, அறுப்பது போல இழுத்துக் கொண்டு போங்கள். ஹெயார் டிரையர் சூடு போதும். ஹீட் கன் வைத்தால் ஏபிஎஸ் இளகி நெளியும், அதைத் திருப்ப முடியாது. மீதிப் பிசினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவி விடுங்கள்.

ட வடிவத் துண்டை 54 செ.மீ. கதவுக்குள் நேராகக் கொண்டுபோக முடியாது. சாய்த்து, ஒரு கையை முதலில் வெளியே விட்டு, கதவுச் சட்டத்தைச் சுற்றித் திருப்பி மற்றக் கையை எடுக்க வேண்டும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள், சூட்டில் பிளாஸ்டிக் கொஞ்சம் இளக்கம் கொடுக்கும். தட்டு 92க்கு 78 என்றாலும் விளிம்பு உயரம் குறைவுதான், செங்குத்தாக நிறுத்தினால் கதவால் வரும்.

கீறல் விட்டால் அதன் முனையில் 3 மி.மீ. ஓட்டை போட்டு நிறுத்துங்கள். பின்பக்கத்தில் ஏபிஎஸ் துண்டு ஒன்றை, அசிட்டோனில் கரைத்த ஏபிஎஸ் குழம்பால் ஒட்டலாம். ஏபிஎஸ்ஸுக்குப் பொலியெஸ்டர் ரெசினை நம்ப வேண்டாம்.

தட்டில் வெடிப்பு இருந்தால் அதுதான் பைபர் வேலை. அடிப்பக்கத்தில் வெடிப்பின் இரு பக்கமும் தடிப்பின் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும்: 3 மி.மீ. தட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 36 மி.மீ. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மெட் (கண்ணாடி நார் விரிப்பு) மூன்று அடுக்கு. மெட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின். கொழும்புச் சூட்டில் ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னர் 1 விழுக்காட்டிலேயே போதும், 2 போட்டால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி அணியாமல் மூடியைத் திறக்காதீர்கள். நீர்கொழும்புப் பக்கம் பைபர் வள்ளம் திருத்துகிறவர்களிடம் கொடுத்தால் அவர்களுக்கு இது சின்ன வேலை.

ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த ஒட்டு வேலையை வண்டிக்குள் வைத்துச் செய்யாதீர்கள். ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் சொட்டினால் ரெஜிபோம் கரைந்து பள்ளமாகும்.

கூரைச்சட்டம்

தட்டை எடுப்பதில் இன்னும் ஒரு சிக்கல். நடுவில் இருக்கிற வடிகால் பொருத்து தரையைத் துளைத்து அடியில் நட்டோடு நிற்கும். மேலே எல்லா ஸ்க்ரூவும் கழன்றாலும் அது பிடித்துக் கொண்டிருக்கும். ஒருவர் வண்டிக்கு அடியில் போய் நட்டைத் திருப்ப, மற்றவர் மேலே வடிகால் வலையைப் பிடிக்க வேண்டும். திரும்பாவிட்டால் நட்டை ஹெக்சோ பிளேடால் அறுங்கள், பொருத்து புதிதாக வாங்கலாம், தட்டு வாங்க முடியாது. அடியில் போகும்போது வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கியில் அல்ல.

தட்டு வந்த பிறகு தரையில் குத்தூசியால் ஒரு சாண் இடைவெளியில் குத்திப் பாருங்கள். எதிர்ப்பு இல்லாமல் உள்ளே போகிற இடம் மட்டுமல்ல, அதற்கு அப்பால் நல்ல மரம் 10 செ.மீ. வரை வெட்டி எடுக்க வேண்டும். கறுப்புக் கோடு போட்டதுபோல் ஈரம் ஓடிய தடம் இருந்தால் அதைப் பின்தொடருங்கள். பெரும்பாலும் அது தட்டில் தொடங்காது, கூரை வென்டிலேட்டரில் அல்லது மூலைப் பட்டியின் பசையில் தொடங்கி, சட்டத்தின் உள்ளே இறங்கித் தரையில் தேங்கும். உங்கள் கூரை அந்த மூலையில் இறங்கியதற்கும் அதுவே காரணமாக இருக்கும். வென்டிலேட்டரை விட்டுவிட்டுத் தரையை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்காலத்தில் அதே வேலை.

புது மரம் போடுவதற்கு முன் ஈரமானி வைத்து 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா பாருங்கள். கடற்கரைக் காற்றில் சும்மா திறந்து வைத்தால் காயாது, மின்விசிறி ஓட வேண்டும். தரைக்கு மெரைன் பிளை, வெட்டிய ஓரங்களுக்கு இபொக்சி இரண்டு பூச்சு. சுவர்ச் சட்டத்துக்கு, பாரம் குறைவென்று, சீலிங் வேலைக்கு எடுக்கிற லுனுமிதெல்ல மரம் போடலாம், கறையான் மருந்து அடித்த பிறகு. ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்காத 316 உருக்கு. பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், வெறும் “ஸ்டீல்” என்று கேட்டால் முலாம் பூசியதைத் தருவார்கள்.

தெஹிவளை_வான்

மிக்க நன்றி. முட்டு, கேஸ், சாம்பல் பலகை, சுவர், தட்டு என்ற வரிசையில் தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று: அந்த ஹீட்டர் நன்றாக எரிகிறது. தரை முடிந்ததும் அதே இடத்தில் பூட்டலாமா?

கூரைச்சட்டம்

வேண்டாம் தம்பி. வண்டிக்குள் இருக்கிற காற்றையே எடுத்து எரிகிற பழைய வகை ஹீட்டர் அது. கதவையும் ஜன்னலையும் மூடிக்கொண்டு குளித்தால் ஒட்சிசன் குறைந்து காபன் மொனொக்சைட் சேரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை, சுடர் நன்றாக எரிவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. காற்றை வெளியிலிருந்து எடுத்து புகையை வெளியே விடுகிற மூடிய வகை ஒன்று கிடைத்தால் பூட்டுங்கள். கிடைக்காவிட்டால் 230 வோல்ட் சின்ன மின் ஹீட்டர் போடுங்கள், ஆர்சிடி பிரேக்கரும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பது) நல்ல எர்த் இணைப்பும் கட்டாயம். பழைய புகைக்குழாய் ஓட்டையை அலுமினியத் தகடு வைத்து இப்போதே மூடிவிடுங்கள், சுவர் திறந்திருக்கும்போது செய்வது லேசு.