சிங்க்கின் அடியில் சும்மா கிடக்கும் கழிவுநீர்க் குழாயை அடைப்பது எப்படி?

கேள்வி – தக்கலைவாசி
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்களையில் சிங்க்குக்கு அடியில், வாஷிங் மெஷின் தண்ணீர் போவதற்காக வைத்திருந்த ஒன்றரை அங்குலப் பிவிசி குழாய், மெஷினைப் புறவாசல் பக்கம் மாற்றிய பிறகு வாய் திறந்தபடி நிற்கிறது. பழந்துணியைத் திணித்தும் கரப்பான்பூச்சி வரத்து நிற்கவில்லை. ஆனி, ஆடி மழையில் நாற்றமும் தாங்க முடியவில்லை. சிமெண்ட் கலவையை வைத்துப் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். அது நிலைக்குமா?

மறுமொழி – மார்த்தாண்டம் பிளம்பர்
சிமெண்ட் கலவை வேண்டாம், ஐயா. வழுவழுப்பான பிவிசியில் அது பிடிக்காது. காய்ந்து சுருங்கியதும் ஓரத்தில் விரிசல் விடும், பெயர்ந்து உள்ளே விழுந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதே அளவு எண்ட் கேப்பும் (குழாய் முனையை மூடும் மூடி) பிவிசி பசையும் வாங்கினால் போதும். ஆனால், அந்தக் குழாயில் வேறெதுவும் வந்து சேரவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியின் கழிவுநீர் அதில் போய்க்கொண்டிருந்தால், அடைத்த மறுநாளே அலமாரிக்குள் தண்ணீர் தேங்கிவிடும். பிறகு முனையை ஹாக்சா பிளேடால் நேராக அறுத்து, பிசிறை உரசி எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் இல்லாமல் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். மழைக்காலத்தில் பலருக்கும் வேலை கெட்டுப்போவது இந்த ஈரத்தால்தான். குழாயின் வெளிப்புறத்திலும் கேப்பின் உட்புறத்திலும் பசை தடவி, கால் சுற்றுத் திருகியபடியே முழுவதும் தள்ளி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால், அடுப்பை அணைத்து சன்னலைத் திறந்து வைத்த பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும்.

மறுமொழி – நாகர்கோவில் வாசகர்
மேலே சொன்ன முறை சரியானது. ஆனாலும், ஒட்டிவிடும் கேப்புக்குப் பதிலாக மரையுள்ள, திருகிக் கழற்றக்கூடிய மூடியைப் பொருத்தினால், பின்னாளில் அடைப்பு வந்தால் அந்த வழியாகவே கம்பி விட்டு எடுக்கலாம். எதைப் போட்டாலும், சிங்க் குழாயுடன் சேரும் டீக்கு (T வடிவ இணைப்புக்கு) நெருக்கமாகப் போடுங்கள். நீளமாக விட்டால் அந்த மிச்சத் துண்டில் கழிவு தங்கும். இன்னொன்று: மழையில் நாற்றம் கூடுவதால், வெளியே உள்ள சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தொட்டி) நிரம்பி நிற்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் இந்த வாயை மட்டும் மூடினால், தண்ணீர் அடுத்ததாக சிங்க் வழியாகவே மேலேறும்.

தக்கலைவாசி
மிக்க நன்றி. இன்று சேம்பரைத் திறந்து பார்த்தோம். தென்னை வேர் உள்ளே புகுந்து பாதி வழியை அடைத்திருந்தது. அதை வெட்டி எடுத்த பிறகு, மரை மூடியே போடுகிறோம்.