மியூனிக்கில் கோடைப் பயிற்சி: வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவுக்குள் எங்கே போய் வரலாம்?

நிபோங்திபால் மாணவி:

வணக்கம். பினாங்கில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை மியூனிக்கில் தொழிற்பயிற்சி. டி விசா (நீண்ட நாள் தங்குவதற்கான ஜெர்மன் விசா) கைக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நாலரைக்கு வேலை முடியும். திங்கள் காலை எட்டு மணிக்கு மறுபடி ஆஜராக வேண்டும். பாரிஸ், பிராக், வெனிஸ், சால்ஸ்பர்க், லண்டன் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. வயது 22, சைவம். ஒரு வார இறுதிக்கு 150 யூரோவைத் தாண்டக்கூடாது. யூரேல் பாஸ் (பல ஐரோப்பிய நாட்டு ரயில்களில் குறிப்பிட்ட நாள்கள் போகும் ஒரே சீட்டு) வாங்குவதா, மலிவு விமானமா, பஸ்ஸா? விசா விஷயத்தில் எங்கே மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது?

பிரிக்பீல்ட்ஸ் ரயில் பைத்தியம்:

தங்கச்சி, பட்டியலை ஊர்ப் பெயரால் போடாதீங்க, மணிக்கணக்கால் போடுங்க. வாசலிலிருந்து வாசல் வரை நாலு மணி நேரத்துக்குள் இருந்தால் சாதாரண வார இறுதி. ஆறு மணி நேரம் என்றால் திங்களோ வெள்ளியோ விடுமுறை சேர்ந்து வரும்போதுதான். ஆகஸ்ட் 15 மியூனிக்கில் பொது விடுமுறை, ஆனால் 2026-ல் அது சனிக்கிழமை விழுகிறது; லாபமில்லை, கடைகள் ரெண்டு நாள் மூடியிருப்பதுதான் மிச்சம்.

மலிவு விமானம் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க. மலிவு விமானங்கள் கிளம்பும் மெம்மிங்கன் விமான நிலையம் மியூனிக்கிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். புறப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேரணும். பறப்பது ஒன்றரை மணி நேரம். இறங்குவது பெர்காமோ என்றால் மிலானுக்கு இன்னும் 50 கிலோமீட்டர். பாரிஸ் என்று விற்கிற போவே நகரத்திலிருந்து 85 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரப் பறப்பு ஆறு மணி நேரத்தை விழுங்குகிறது, ரெண்டு பக்கமும் பஸ் காசு வேறு. இலவசப் பை ரயன்ஏர், விஸ்ஏர் என்ற மலிவு விமான நிறுவனங்களில் 40 × 30 × 20 செ.மீ. மட்டும். பின்புறம் பிதுங்கும் பள்ளிப்பை அந்த 20-ல்தான் தோற்கும். வாயிலில் பிடித்தால் டிக்கெட் விலையைவிட அபராதம் அதிகமாகலாம்.

முதலில் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுங்க. 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. மியூனிக் மெட்ரோ, டிராம், பஸ், ஜெர்மனி முழுக்க வட்டார ரயில் எல்லாம் அதில் அடங்கும். வேலைக்குப் போகும் செலவும் அதிலேயே முடிந்துவிடுவதால் வார இறுதிப் பயணம் கிட்டத்தட்ட ஓசி. ஐ.சி.இ., ஐ.சி., ஈ.சி. என்ற தொலைதூர விரைவு ரயில்களில் செல்லாது, ஆர்.இ., ஆர்.பி., எஸ் என்று தொடங்குபவை மட்டும். இது சந்தா, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். நிறுத்த வேண்டிய மாதத்தின் 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதக் காசும் போகும். கடைசி மாதம் செப்டம்பர் என்றால் செப்டம்பர் 10. ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் மறக்கிற தேதி இதுதான், இப்போதே கைப்பேசியில் போட்டு வையுங்க.

இந்த டிக்கெட் எல்லையோடு நிற்பதில்லை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் தலைமை நிலையம் வரை போகலாம், ஏறக்குறைய 1 மணி 45 நிமிடம். ஊருக்குள் ஓடும் பஸ்ஸுக்குத்தான் தனிக் காசு. ஆஸ்திரிய எல்லை ஊரான குஃப்ஸ்டைன் வரையும் செல்லும். அங்கிருந்து இன்ஸ்புருக்குக்கு ஆஸ்திரிய டிக்கெட் மட்டும் வாங்கினால் போதும். நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஃபூசன் ரயில், சுமார் ரெண்டு மணி நேரம். கோட்டை நுழைவை முன்பே இணையத்தில் எடுங்க. சீட்டில் அச்சிட்ட நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், மலையடிவாரத்திலிருந்து நடை அரை மணிக்கு மேல்.

பிராக் 5½ மணி நேரம். நம்ம கேஎல் – பட்டர்வொர்த் இ.டி.எஸ். ரயிலைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதல். எல்லை நிலையமான ஃபுர்த் இம் வால்ட் வரை டாய்ச்லாண்ட் டிக்கெட், அதற்கப்பால் செக் ரயில்வே டிக்கெட் என்று பிரித்தால் செலவு நன்றாகக் குறையும். வியன்னா, ஆஸ்திரிய விரைவு ரயிலான ரெயில்ஜெட்டில் நாலு மணி நேரம், ஆனால் முன்பதிவு செய்தால்தான் மலிவு.

யூரேல் பாஸ் உங்களுக்கு வேண்டாம். தொடர்ந்து ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அது சரி. உங்களுக்குப் போக ஒன்று, வர ஒன்று என்று வாரத்துக்கு ரெண்டு பயண நாள் கழியும், பிரான்ஸின் டி.ஜி.வி., இத்தாலிய அதிவேக ரயில் இரண்டுக்கும் இருக்கைப் பதிவுக் காசும் தனி.

பாயான் லெப்பாஸ் அக்கா:

விசா பகுதியை நான் சொல்றேன்மா.

மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் பகுதியில் (பொது விசா விதி உள்ள ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் விசா தேவையில்லை என்பது சுற்றுலாவுக்கு. நீ இருப்பது டி விசாவில், கணக்கு வேறு. ஜெர்மனியில் இருக்கும் நாள்கள் அந்த 90-ல் சேராது. மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போகும் நாள்களுக்குத்தான் 180-க்கு 90 என்ற வரம்பு. வார இறுதிகளை மட்டும் கூட்டினால் கிட்டவே வராது.

விசா ஒட்டுவில்லையில் எத்தனை நுழைவு என்ற கட்டத்தைப் பார். ‘மல்ட்’ (பல முறை நுழையலாம்) என்று இருந்தால் கவலையில்லை. ‘01’ என்று இருந்தால் லண்டனை மறந்துவிடு. ஷெங்கனை விட்டு வெளியேறிய நிமிடமே அந்த ஒரு நுழைவு தீர்ந்துபோகும், திரும்பி வந்து வேலையைத் தொடர முடியாது. பிரிட்டனுக்கு மலேசியர்களுக்கு 2025 ஜனவரி 8 முதல் இ.டி.ஏ. (முன்கூட்டியே இணையத்தில் எடுக்கும் பயண அனுமதி) கட்டாயம். முதலில் 10 பவுண்டு, அந்த ஏப்ரலிலேயே 16 ஆக்கினார்கள். விண்ணப்பிக்கும் அன்று என்ன விலையோ அதுதான். ரெண்டு வருஷம் செல்லும், அதற்குள் கடப்பிதழ் காலாவதியானால் அதோடு சரி. அரசாங்கத் தளத்திலோ செயலியிலோ மட்டும் போடு. தேடினால் மேலே வரும் இடைத்தரகர் தளங்கள் பல மடங்கு பிடுங்கும்.

விமான நிலையக் குடிநுழைவில் இப்போது சுற்றுலாப் பயணிகளுக்குக் கைரேகை, முகப்படம் எடுக்கும் இ.இ.எஸ். முறை வந்திருக்கிறது. டி விசாக்காரர்களுக்கு அது இல்லை. இயந்திரத்துக்குப் போகாமல் அதிகாரியிடம் விசா பக்கத்தை விரித்துக் கொடு. சுற்றுலாப் பயணியாகப் பதிவாகிவிட்டால் 90 நாள் ஓட ஆரம்பித்துவிடும்.

ஷெங்கனுக்குள் சோதனையே இல்லை என்று நம்பி அசல் கடப்பிதழை அறையில் வைத்துவிட்டுப் போகாதே. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லையிலும் சோதனை நடத்துகிறது. சால்ஸ்பர்க்கிலிருந்து திரும்பும்போது எல்லை நிலையமான ஃப்ரைலாசிங்கில் போலீஸ் ரயிலில் ஏறுவது சகஜம். கைப்பேசியில் உள்ள படம் செல்லாது.

நிபோங்திபால் மாணவி:

நன்றி அண்ணே, நன்றி அக்கா. ‘மல்ட்’ என்றுதான் இருக்கிறது. பாரிஸை மட்டும் விட மனசில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு கிடைக்கலாம். ரயில் தாமதமானால் டிக்கெட் வீணாகிவிடுமா? கைப்பேசிக்கு ஜெர்மன் சிம் ஒன்று போதுமா?

பிரிக்பீல்ட்ஸ் ரயில் பைத்தியம்:

பாரிஸ் ரயிலில் ஆறு மணி நேரம் பக்கம். வியாழன் மாலையே கிளம்பினால் ரெண்டரை நாள் கிடைக்கும். ஜெர்மன் ரயில்வேயின் மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான். ஆனால் போய்ச்சேரும் இடத்தில் 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், அடுத்த ரயிலில் ஏறலாம். செயலியில் வரும் அறிவிப்பைப் படம் பிடித்து வையுங்க. 60 நிமிடத் தாமதத்துக்கு 25 விழுக்காடு, 120-க்கு 50 விழுக்காடு பணம் திரும்பும். ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு முழுசா கிடைக்கும். நான் மேலே சொன்ன பிராக் பிரிப்பு வித்தையில் இணைப்பு ரயில் தவறினால் உங்க பாடு, அதனால் அங்கே கடைசி ரயிலை நம்பாதீங்க.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்தில் குடியிருக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். குடியுரிமை கேட்பதில்லை, குடியிருப்புதான். விசா ஒட்டிய கடப்பிதழும் மியூனிக் முகவரிப் பதிவுத் தாளும் கொண்டு போங்க. இலவசமானாலும் நேரப் பதிவு எடுத்துவிட்டுத்தான் போகணும். செவ்வாய்க்கிழமை மூடல்.

ஈப்போ ரோடு சைவம்:

சிம் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஜெர்மன் சிம் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அதே விலையில் ஓடும். சுவிட்சர்லாந்து அதில் இல்லை, பிரிட்டனும் பல திட்டங்களில் இல்லை. சுவிஸ் எல்லைக்கு அருகே ஏரிக்கரையில் உள்ள லிண்டாவ் போனால் கவனம்: ஏரிக்கு அந்தப் பக்கத்து சுவிஸ் கைப்பேசிக் கோபுரம் ஜெர்மன் கரையிலேயே பிடிக்கும், நீங்கள் சுவிஸ் மண்ணை மிதிக்காமலே பில் ஏறும். நெட்வொர்க்கைக் கைமுறையாகத் தேர்ந்தெடுத்து வையுங்கள். மலேசிய வங்கிச் செயலியை அதே பழைய கைப்பேசியில் விட்டுவிடுங்கள். புதுசுக்கு மாற்றினால் ஒப்புதல் கிடைக்காமல் கார்டு நின்றுவிடும். பிராக்கில் பணம் எடுக்கும் இயந்திரம் ரிங்கிட்டில் கணக்கிடவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி செக் நாணயமான கொருனாவிலேயே எடுங்கள்.

ஜெர்மனியில் ஞாயிறு பேரங்காடி எல்லாம் மூடல், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருப்பவை தவிர. சனிக்கிழமையே ரொட்டி, தயிர், பழம் வாங்கி வைக்காவிட்டால் இரவு சிப்ஸ்தான். ஊரிலிருந்து மசாலாத்தூள் தாராளமாகக் கொண்டு போகலாம். இறைச்சியோ பாலோ சேர்ந்த பொருள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரத் தடை, ஆகவே அம்மா கட்டிக்கொடுக்கும் பால்கோவா சுங்கத்திலேயே போய்விடும். சம்பால் போத்தல் சோதனையில் திரவமாகத்தான் கணக்கு. வார இறுதி விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் வைக்காதீர்கள்.