சைரனைக் குறைத்தால் நம்பிக்கை கூடுமா?

கிழக்குவானம்:
2019 மே 20 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்றான டொர்னாடோவின் அபாயம் உச்ச நிலையில் இருப்பதாக அறிவித்தார்கள். பள்ளிகளை மூடினார்கள். ஓக்லஹோமா நகர மக்கள் நாள் முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அஞ்சிய பேரழிவு நகருக்கு வரவில்லை. அந்த நாட்டில் டொர்னாடோ எச்சரிக்கைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பொய்த்துப்போகின்றன. 'புலி வருகிறது' என்று இத்தனை முறை கூவினால் யார் ஓடுவார்கள்? உறுதியாகத் தெரியும்வரை சைரனை ஒலிக்கக் கூடாது என்பதே என் வாதம்.

மழைக்கணக்கு:
நகரம் தப்பியது உண்மை. ஆனால் மேற்கே மாங்கம் என்ற ஊரை அதே நாளில் டொர்னாடோ தாக்கியதை விட்டுவிட்டீர்கள். அன்று சொன்ன உச்ச வாய்ப்பு 45 சதவீதம். ஓர் இடத்தைச் சுற்றி 40 கிலோமீட்டருக்குள் டொர்னாடோ வரக்கூடும் என்பதே அதன் பொருள். உங்கள் தெருவுக்கு வரும் என்று யாரும் சொல்லவில்லை.

'உறுதியாகத் தெரியும்வரை' என்கிறீர்களே, அது எந்த நிமிடம்? சூப்பர்செல் எனப்படும் சுழலும் இடிமேகத்தை ராடார் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அப்படிச் சுழலும் மேகங்களில் பெரும்பாலானவை டொர்னாடோவை இறக்குவதில்லை. எது இறக்கும் என்பதைத் தரைக்கு அருகே சில நூறு மீட்டருக்குள் நடப்பவை தீர்மானிக்கின்றன. பூமியின் வளைவால், 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராடாரின் கதிர் அங்கே ஒரு கிலோமீட்டருக்கும் மேலே போய்விடுகிறது. பார்க்க வேண்டிய இடமே அதன் கண்ணில் படுவதில்லை.

கிழக்குவானம்:
அப்படியானால் ஜாப்ளினுக்குப் பதில் சொல்லுங்கள். 2011 மே 22, மிசௌரி மாநிலத்தில் உள்ள ஜாப்ளின் நகரம். முதல் சைரன் ஒலித்து 20 நிமிடங்களுக்கு மேல் கழித்தே டொர்னாடோ தரை தொட்டது. நேரம் இருந்தது. ஆனால் பலர் உடனே ஒதுங்கவில்லை. கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளக் காத்திருந்தார்கள். மழைத் திரைக்குள் மறைந்து வந்த டொர்னாடோ கண்ணுக்குத் தெரியவே இல்லை. 150 பேருக்கு மேல் இறந்தார்கள். அடிக்கடி கேட்டுப் பழகிய சைரன் அவர்களை அசைக்கவில்லை. இது நான் கற்பனை செய்தது அல்ல. பேரிடருக்குப் பின் நடந்த ஆய்வுகளே சொல்கின்றன.

தாழ்வாரம்:
2013 மே 31, ஓக்லஹோமாவின் எல் ரீனோ நகருக்கு அருகே. டிம் சமராஸ் டொர்னாடோ ஆய்வில் பல்லாண்டு அனுபவம் உள்ளவர். அன்றைய டொர்னாடோ சட்டென்று 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து, திசையும் மாறியது. அவரும் அவருடைய மகனும் உடன் சென்ற ஆய்வாளரும் உயிரிழந்தார்கள். நேரில் நின்று பார்த்தவருக்கே அடுத்த சில நிமிடங்கள் தெரியவில்லை. அலுவலகத்தில் திரையைப் பார்ப்பவரிடம் உறுதியை எப்படிக் கேட்பது?

மழைக்கணக்கு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். எச்சரிக்கையின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள், பரப்பைக் குறையுங்கள். 2007-லிருந்து மாவட்டம் முழுவதற்கும் அறிவிக்காமல், புயல் போகும் பாதையை மட்டும் வரைந்து எச்சரிக்கிறார்கள். ஜாப்ளினுக்குப் பிறகு, 2012-இல், சேதம் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதையும் எச்சரிக்கை வாசகத்திலேயே சேர்க்கத் தொடங்கினார்கள். பொய்த்த எச்சரிக்கையால் இழப்பது ஒரு மணி நேரம். விடுபட்ட எச்சரிக்கையால் இழப்பதை எப்படி மீட்பீர்கள்?

கிழக்குவானம்:
பாதையை வரைந்ததும், கடுமையைப் பிரித்துச் சொன்னதும் நல்ல மாற்றங்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாசகம் தொலைபேசியிலும் தொலைக்காட்சியிலும்தான் வருகிறது. கம்பத்தில் இருக்கும் சைரனோ சிறியதற்கும் பேரழிவுக்கும் ஒரே மாதிரி அலறுகிறது. தொலைபேசியை அணைத்துவிட்டுத் தூங்கும் முதியவருக்கு இந்த வேறுபாட்டை எது சொல்லும்? அதற்கு வழி சொல்லுங்கள், என் வாதத்தைக் கைவிடுகிறேன்.