மாணவர் படத்துக்குக் கதை தேடிப் போய், மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு: உங்களுக்கு உண்டா?

வடபழனி இரவு

ஏ.டி.எம். காவலாளியை வைத்துக் கதை. டிப்ளமோ படம், பத்து நிமிடம். ஒன்லைனுக்கு, அதாவது ஒரே வரியில் சொல்லும் கதைக்கு, சம்மதம் வாங்கியாயிற்று, முதல் காட்சிதான் வரவில்லை. அந்த அவஸ்தை இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் நீட்டவில்லை.

எங்கள் தெருமுனை ஏ.டி.எம்.-மில் இருக்கும் பெரியவரோடு நள்ளிரவு தாண்டி உட்கார்ந்திருந்தேன். "இரவெல்லாம் எதைக் காவல் காக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டதற்கு, "பணத்தை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் பாப்பா? நான் காப்பது இந்த ஏ.சி.யைத்தான்" என்றார். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். மே மாதம். சற்று நேரத்தில் பின் தெருவில் மட்டும் மின்சாரம் போயிற்று. கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி ஒருவர் வந்தார். அட்டையைச் செருகினார், இருப்பைப் பார்த்தார், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குழந்தை அசைந்தது. மறுபடி அட்டையைச் செருகினார், எதையோ அழுத்தினார், ரத்து செய்தார். மறுபடியும் அதையே செய்தார். பெரியவர் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். "சும்மா நின்றால் நான் போகச் சொல்ல வேண்டும். கை பொத்தானில் இருக்கிற வரை எப்படிச் சொல்வது?"

அதை அப்படியே முதல் காட்சியாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கைடு, அதாவது படத்துக்கு வழிகாட்டும் ஆசிரியர், இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். "நன்றாக இருக்கிறது. கொள்ளை எந்த நிமிடத்தில் வருகிறது?"

ஏ.டி.எம். என்றால் கொள்ளை வந்தே தீர வேண்டுமா? இரண்டு வருடம் ஆகியும் அந்தக் கேள்விக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பாளையங்கோட்டை மணி

நடத்துநர் ஒருவரின் கடைசி வேலை நாள், அதுதான் கதை. நடிகர் கிடைக்காமல் உண்மையிலேயே ஓய்வுபெற்ற நடத்துநரையே பிடித்தோம். முதல் காட்சியில் அவர் விசில் அடித்துவிட்டு "டிக்கெட், டிக்கெட்" என்று கூவிக்கொண்டு வர வேண்டும். ஒத்திகையில் அவர் கூவவில்லை. பையைத் தோளில் மாட்டினார், எங்களிடமிருந்த சில்லறை நோட்டுகளை வாங்கினார், ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மடித்து விரல் இடுக்குகளில் செருகினார். பத்து ஒரு விரலிடுக்கில், இருபது அடுத்ததில், ஐம்பது அதற்கடுத்ததில். வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆகியும் விரல்கள் இடம் மாறவில்லை. கட்டு டிக்கெட்டைக் கிழிப்பதற்கு முன் கட்டை விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். இப்போது மெஷின் வந்துவிட்டதால் பார்க்கிற பையன்களுக்கு அது ஏன் என்றே புரியவில்லை.

"வசனம் சொல்லுங்கள் ஐயா" என்றேன். "தம்பி, கை இதைச் செய்யும்போது வாய் எதற்கு?" என்றார்.

ஒளிப்பதிவாளன் கேமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு அந்தக் காட்சியில் வசனம் என்று ஒன்று இல்லை. விசில் மட்டும் வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் ரீல்

வடபழனி இரவு, உங்கள் கைடு கேட்டதில் பாதி சரி. கொள்ளை வேண்டாம். ஆனால் "அடுத்து என்ன?" என்று பார்ப்பவன் கேட்க ஏதாவது வேண்டும். குழந்தையோடு நிற்பவர் அழகான காட்சிதான், அதை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் எப்படி ஓட்டுவது? பெரியவரின் வேலைக்கு ஆபத்து வர வேண்டும். மேற்பார்வையாளர் வருகிறார், அல்லது கேமராப் பதிவைப் பார்த்துவிட்டு ஒருவர் தொலைபேசியில் கூப்பிடுகிறார். உள்ளே நிற்பவரை வெளியே அனுப்புவாரா மாட்டாரா என்பதுதான் படம். கொள்ளையைவிட அது பெரிய விஷயம், செலவும் குறைவு.

என் சொந்த அனுபவம் சின்னது: முதல் படத்தைத் திரையிட்டபோது மூன்றாவது நிமிடத்தில் பின்வரிசையில் ஒருவர் செல்பேசியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார். அந்த நீல வெளிச்சம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

அதனால் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். பத்து நிமிடப் படத்தில் அறிமுகத்துக்கு மட்டும் நான்கு பக்கம் எழுதுகிறவர்கள், படத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானதை வாசலிலேயே செலவழிக்கிறார்கள். அலாரம் அடிக்கிறது, கை வந்து அணைக்கிறது, பல் துலக்குகிறான், கண்ணாடி பார்க்கிறான்: இப்படித் தொடங்கும் படங்களை ஒரு கல்லூரி விழாவில் வரிசையாகப் பார்த்துவிட்டு என் பல்லைத் துலக்கவே வெறுப்பாகிவிட்டது. அடுத்தது தனுஷ்கோடி. 1964 புயலில் இடிந்துபோன தேவாலயத்தைச் சுற்றி டிரோன் விடாத மாணவர் உண்டா? இடம் அழகு, சந்தேகமில்லை. ஆனால் கதாநாயகன் அங்கே ஏன் நிற்கிறான் என்று கேட்டால் "ஃபீல்" என்கிறார்கள்.

இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி போலந்தில் திரைப்பட மாணவராக இருந்தபோது 1958-இல் எடுத்த குறும்படத்தைப் பாருங்கள். இரண்டு பேர் கடலுக்குள்ளிருந்து ஓர் அலமாரியைத் தூக்கிக்கொண்டு கரையேறுகிறார்கள். யார், எவர், ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. அதை வைத்துக்கொண்டு ஊருக்குள் போனால் டிராமில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், விடுதியில் இடமில்லை என்கிறார்கள். முதல் காட்சியிலேயே சுமையைக் கையில் கொடுத்துவிட்டதால் மற்றதெல்லாம் தானே நடக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், 2024 கான் திரைப்பட விழாவின் மாணவர் பிரிவில் முதல் பரிசு வாங்கிய புனே திரைப்படக் கல்லூரி மாணவர் சிதானந்த எஸ். நாயக்கின் படம். கன்னட நாட்டார் கதையிலிருந்து வந்தது. ஊரின் சேவலைக் கிழவி திருடிவிடுகிறாள், அதனால் விடியவே இல்லை. ஒன்லைன் என்றால் இதுதான். கேட்டவுடனே விடிந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது பாருங்கள்.

இன்னொன்று. உண்மையான ஏ.டி.எம்.-மில் படமெடுக்க வங்கி அனுமதி தரும் என்று காத்திருக்காதீர்கள். மூடிக் கிடக்கும் செல்பேசிக் கடை ஒன்றைப் பிடியுங்கள். கண்ணாடிக் கதவும் வெள்ளை டியூப்லைட்டும் ஏற்கெனவே இருக்கும். இயந்திரத்தைத் தெர்மாகோலில் செய்து பக்கவாட்டில் மட்டும் காட்டினால் போதும். சாலைப் பக்கம் இருட்டாக இருக்குமே என்று ஜெனரேட்டர் எடுக்காதீர்கள், எதிரே டீக்கடை திறந்திருக்கிற நேரத்தில் எடுங்கள்.

வடபழனி இரவு

மூன்றாம் ரீல், நான் யோசனை கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

மேற்பார்வையாளர் வந்தால் அது மேற்பார்வையாளர் படம் ஆகிவிடும். அந்த மனிதர் இரண்டாவது முறை அட்டையைச் செருகும்போதே "வெளியே அனுப்பிவிடுவாரா?" என்ற கேள்வி வந்துவிட்டது. உங்களுக்கு வரவில்லை என்றால் நான் எழுதியதில் கோளாறு என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். மேலே ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்காதீர்கள். செல்பேசிக் கடை யோசனைக்கு மட்டும் நன்றி.

அரிசி டிரம்

உங்கள் சண்டைக்கு நடுவில் என்னுடையதையும் போட்டுவிடுகிறேன்.

என் படத்தின் முதல் காட்சி: அம்மா அரிசி டிரம்முக்குள் கையை விட்டு, அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பணத்தை எடுக்கிறாள். எண்ணுகிறாள். ஒரு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்பப் புதைக்கிறாள். அதை வீட்டில் உட்கார்ந்து நண்பனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா சமையலறையில் இருந்தாள். குக்கர் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

மறுநாள் அரிசி எடுக்க டிரம்மைத் திறந்தேன். உறை இல்லை. அரிசியில் கை போன தடத்தைக்கூடச் சமப்படுத்தி வைத்திருந்தாள். அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. படம் எடுத்தாயிற்று, பரிசும் வந்தது. அம்மா பார்த்துவிட்டு, "அந்தப் பெண் அரிசியை நன்றாகக் களையவில்லை" என்றாள். பணத்தை இப்போது எங்கே வைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

கூடலூர்க்காரன்

அரிசி டிரம், உங்களுக்குப் பரவாயில்லை, வீட்டுக்குள்ளேயே போயிற்று. என்னுடையது விடுதி மெஸ்ஸில் போயிற்று. பூட்டிய கதவு, வெளியே ஈரச் செருப்பு ஒரு ஜோடி, உள்ளிருந்து தண்ணீர் கசிகிறது. இதுதான் என் பேய்ப் படத்தின் முதல் ஷாட். சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னேன், எதிரே சீனியர் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டார். செமஸ்டர் முடிவில் அவருடைய படம் திரையில் வந்தபோது முதல் ஷாட், ஈரச் செருப்பு. கைதட்டல் வேறு.

விளக்கு போட்டதும் என் பக்கம் வந்து, "உன் படம் எப்போது தம்பி?" என்றார்.

பாளையங்கோட்டை மணி

கூடலூர்க்காரன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஈரச் செருப்பை நானே இரண்டு மூன்று படங்களில் பார்த்துவிட்டேன். அந்தச் சீனியரும் வேறு எங்காவது பார்த்துத்தான் தலையை ஆட்டியிருப்பார்.

கூடலூர்க்காரன்

தண்ணீர் கசிவதையும் பார்த்தீர்களா? செருப்பு இடது வலது மாறிக் கிடந்ததையும்?

பாளையங்கோட்டை மணி

மாறிக் கிடந்ததைப் பார்க்கவில்லை. அது உங்களுடையதுதான்.

பிளாட்பாரம் ஆறு

நான் சொல்ல வந்தது இடம் பற்றி. ஊரைவிட்டு வரும் பெண் கோயம்பேட்டில் அதிகாலை இறங்குகிறாள், அங்கேயே நாள் முழுவதும் இருக்கிறாள். முதல் காட்சிக்காக எத்தனையோ விடியற்காலைகள் அங்கே போய்க் குறிப்பெடுத்தேன். எந்த நடைமேடையில் எந்த ஊர் பஸ், பூ விற்கும் அம்மா எங்கே உட்காருவார், ஒளி எந்தத் தூணில் முதலில் விழும் என்று எல்லாம் நோட்டில் இருந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் புதுப் பேருந்து நிலையம் திறந்தது. அடுத்த சில வாரங்களில் தென்மாவட்ட பஸ்கள் அங்கே போய்விட்டன. என் கதாநாயகி மதுரைப் பக்கத்துப் பெண்.

கிளாம்பாக்கத்துக்கு மாற்றி எழுது என்றார்கள். போய்ப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது, அவள் பதுங்கி உட்கார ஒரு மூலை இல்லை. நோட்டோடு அலைந்த என்னைப் பார்த்துப் பெண் காவலர் ஒருவர் வந்தார். "எந்த ஊர்? வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா?" அடையாள அட்டையைக் காட்டியும் நம்பவில்லை. திரைக்கதையைக் காட்டினேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தை விரல் வைத்துப் படித்தார். "இவளும் இப்படித்தான் கல்லூரி என்று சொல்வாளா?" என்று கேட்டுவிட்டு, என் அம்மாவின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டார். சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. தொலைபேசி மணி அடித்துக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும், நான் எழுதிய பெண்ணின் வயிறு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

மூன்றாம் ரீல், தனுஷ்கோடியில் நிற்பவனைக் கிண்டல் செய்தீர்கள். சரிதான், ஆனால் சிலருக்கு இடம்தான் முதலில் வருகிறது. ஆளை அப்புறம் கண்டுபிடிக்கிறார்கள். அது குற்றமா?

மூன்றாம் ரீல்

குற்றமில்லை. நீங்கள் நோட்டோடு அலைந்தீர்கள், அவர்கள் டிரோனை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பெண் காவலர் உங்கள் அம்மாவுக்குப் போன் செய்ததை எழுதிவிட்டீர்களா? இல்லையென்றால் கதாநாயகி கொடுக்கும் எண் தவறான எண்ணாக இருக்கட்டும், மறுமுனையில் யாரோ ஒருவர் "ஆமாம், என் மகள்தான்" என்று...

பிளாட்பாரம் ஆறு

மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். (இதை மெஸ்ஸில் வைத்துச் சொல்லாதீர்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.)

அரிசி டிரம்

பாளையங்கோட்டை மணி, அந்த நடத்துநரின் தோல் பை உங்களிடம் இருக்கிறதா? அடுத்த ஞாயிறு படப்பிடிப்பு, புதுப் பை போட்டால் கடையில் வாங்கியது என்று தெரிந்துவிடும். வாடகை கொடுத்துவிடுகிறேன்.

பாளையங்கோட்டை மணி

பை அவரிடம்தான் இருக்கிறது. இரவல் கேட்டால் தர மாட்டார், பையோடு தானும் வருவார். மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்துவிடுங்கள், வசனம் மட்டும் எழுதாதீர்கள்.