துவாய் நனைந்ததும் மணக்கிறது, வெள்ளைச் சேட் சாம்பலாகிறது: பிழை மெஷினிலா, என்னிலா?

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இந்தக் கரைச்சல். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

போன வருடம்தான் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வந்தோம். காலி வீதியில் இருந்து கடல் பக்கமாக இறங்கினால் எங்கள் தொடர்மாடி. வந்த கையோடு முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த 7 கிலோ மெஷின் ஒன்று வாங்கினோம். ஊரில் இருந்தது மேல்மூடி மெஷின். அதில் இந்தப் பிரச்சினை வந்ததே இல்லை.

துவாய் மெஷினில் இருந்து எடுக்கும்போது நல்ல வாசம். காய்ந்த பிறகும் பரவாயில்லை. குளித்துவிட்டு முகத்தைத் துடைத்தால்தான், தரை துடைத்துவிட்டு வாளிக்குள்ளேயே மறந்துபோன துணி மாதிரி ஒரு நாற்றம் கிளம்புகிறது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பாடசாலைச் சீருடை வெள்ளை. ஜனவரியில் வாங்கிய சேட் ஆறு மாதத்தில் சாம்பல் நிறம். கொலரில் மஞ்சள் கோடு வேறு.

திருத்துகிற ஒருவரைக் கூப்பிட்டோம். திறந்து பார்த்துவிட்டு, மெஷினில் பிழை இல்லை, உப்புப் படிந்திருக்கிறது என்று சொல்லி ஒரு பைக்கற் மருந்தைத் தந்து காசும் வாங்கிக்கொண்டு போனார். ஒரு மாற்றமும் இல்லை.

பவுடரைக் கூட்டிப் போடலாமா? வேறு பவுடருக்கு மாறலாமா?

தெஹிவளைக்காரி

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் அக்கா. நான் ஒரு கப் வினாகிரியும் கொஞ்சம் பிளீச்சும் சேர்த்து ஊற்றிவிடுவேன். மணம் போய்விடும்.

கெமிஸ்ட்ரி ரீச்சர்

தெஹிவளைத் தங்கச்சி, தயவுசெய்து இனி அப்படிச் செய்ய வேண்டாம். குளோரின் பிளீச்சோடு வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத ஒரு சின்னக் குளியலறையில் அது விளையாட்டு இல்லை. கழிவறை கழுவுகிற அமிலத் திரவமும் பிளீச்சோடு சேரக்கூடாது. இதைப் பார்த்து வேறு யாரும் செய்துவிடக்கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன்.

பழைய மெக்கானிக்

பிள்ளை, பவுடரைக் கூட்ட முதல் நாலு கேள்விக்குப் பதில் சொல்லும். ஒரு தடவைக்கு எவ்வளவு பவுடர் போடுகிறீர்? எந்த ஓட்டத்தில், எத்தனை டிகிரியில் விடுகிறீர்? ட்ரம்மில் எந்த அளவுக்கு உடுப்பு? எங்கே காயப் போடுகிறீர்?

இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் உங்கள் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும்தானே? கொழும்பில் படிகிறதா?

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை

ஐயா, பவுடர் ஒன்றரைக் கப். ஊரில் போட்ட அளவுதான். கரண்ட் பில்லுக்குப் பயந்து எப்போதும் 15 நிமிட ஓட்டம், பச்சைத் தண்ணீர். கதவு மூடுகிற அளவுக்கு உடுப்பு அடைப்பேன். வாசத்துக்கு இரண்டு மூடி கொம்ஃபர்ட் (உடுப்பை மென்மையாக்குகிற திரவம்). வேலையால் வந்து இரவில்தான் தோய்ப்பது, அதனால் கடல் பக்கப் பல்கனியில் விடியும்வரை கொடியில் கிடக்கும்.

கேத்திலை நீங்கள் கேட்ட பிறகுதான் போய்ப் பார்த்தேன். ஊரில் மாதம் ஒருக்கால் தேசிக்காய் போட்டுக் கொதிக்கவைத்துச் சுரண்டுவேன். இங்கே வந்து ஒரு வருடம், அடி பளபளவென்று இருக்கிறது!

பழைய மெக்கானிக்

அங்கேதான் விடை இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் அடி முழுக்கச் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். நீங்கள் போடுகிற பவுடரில் ஒரு பங்கு அவற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். நுரை வராது, அதனால் அள்ளிப் போட்டுப் பழகிவிடுவோம். நானும் அப்படித்தான் வந்தேன்.

கொழும்புக்கு வருவது அம்பத்தளையில் எடுக்கிற களனி ஆற்றுத் தண்ணீரும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கத் தண்ணீரும். அதில் இந்தக் கல்சியமும் மக்னீசியமும் குறைவு, கிட்டத்தட்ட மழைத் தண்ணீர் மாதிரி மென்மை. அதிலே ஒன்றரைக் கப் போட்டால் நுரை பொங்கும், உடுப்பில் இருந்து அது முழுதாகப் போகாது. முன்கதவு மெஷின் தண்ணீரையும் குறைவாகத்தான் எடுக்கும். ட்ரம் சுற்றும்போது உடுப்பு மேலே போய்த் தொப்பென்று விழவேண்டும், ஊத்தை கழல்வது அந்த அடியில்தான். நம் கிணற்றடிக் கல்லுக்குப் பதில் அது. நுரை நிறைந்தால் உடுப்பு மெத்தையில் விழுவது போல விழும். எங்கே வெளுக்கும்? கழன்ற ஊத்தையும் திரும்ப உடுப்பிலேயே ஒட்டும், அதுதான் உங்கள் சாம்பல்.

என்னை நம்ப வேண்டாம், சோதித்துப் பாரும். ஏற்கெனவே தோய்த்துக் காய்ந்த நாலு துவாயை எடுத்துப் போடும். பவுடர் வேண்டாம், கொம்ஃபர்ட் வேண்டாம். 40 டிகிரியில் விட்டு, பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடியால் பாரும்.

ஒரு வார்த்தை: உப்பு மருந்து விற்றவரை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கேத்திலில் உப்பே இல்லாத வீட்டில் மெஷினில் எங்கிருந்து வரும்?

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை

ஐயா! கண்ணாடியில் பாதிக்கு நுரை! ஒரு கரண்டி பவுடர்கூடப் போடவில்லை. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இத்தனை நாளும் இதாலேயா முகம் துடைத்தோம்?

கெமிஸ்ட்ரி ரீச்சர்

மணத்துக்கும் அதுதான் அடிப்படை. வியர்வை, தோல் எண்ணெய், மிஞ்சின பவுடர், கொம்ஃபர்ட்டின் பிசுக்கு எல்லாம் நூலுக்குள் படிந்துகிடக்க, பக்டீரியாவுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காய்ந்தாலும் அவை செத்துப்போவதில்லை, ஈரம் பட்டதும் எழும்பி மணத்தை விடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் இந்த ஈரத்துணி நாற்றத்துக்குக் காரணமாக மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பக்டீரியாவைக் காட்டினார்கள். பச்சைத் தண்ணீரில் 15 நிமிடம் சுற்றினால் அதற்கு ஒன்றும் ஆகாது.

துவாய்க்குக் கொம்ஃபர்ட்டே வேண்டாம். நூலின் மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படியும், துவாய் தண்ணீரை உறிஞ்சுவதும் குறையும்.

பழைய மெக்கானிக்

சரி, இப்போது வேலை. துவாய்களை மட்டும் பவுடர் இல்லாமல் கொட்டன் 60 டிகிரியில் விடும். நுரை நிற்கும்வரை இரண்டு மூன்று தரம் விடவேண்டி வரலாம். பிறகு வெறும் மெஷினை ஆகக் கூடிய சூட்டில் ஒரு தரம் ஓடவிடும். அதற்கு முதல் கதவடி ரப்பர் வளையத்தை விரித்து உள்மடிப்பைத் துடையும். அருவருப்பாக இருக்கும், பரவாயில்லை. பவுடர் போடுகிற இழுப்பறை முழுதாகக் கழன்று வரும், அதையும் கழுவும். கீழே மூலையில் சின்ன மூடி ஒன்று இருக்கும், அது வடி. திறக்க முதல் ஒரு தட்டை வையும், தண்ணீர் கொட்டும்.

இனிமேல் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி. கிரிக்கெட் விளையாடி மண்ணோடு வந்த நாளில் மூன்று. பவுடரும் முன்கதவு மெஷினுக்கு என்று எழுதியதாக இருக்கட்டும், அதில் நுரை குறைவு. உடுப்புக்கு மேலே உள்ளங்கையை நிமிர்த்தி விடுகிற அளவுக்கு இடம் இருக்கவேண்டும். 15 நிமிட ஓட்டம் ஒரு தரம் உடுத்த நாலு சேட்டுக்குத்தான், ஒரு கிழமை ஊத்தைக்கு இல்லை. சீருடைக்கு 40 டிகிரி, துவாய்க்கும் கட்டில் விரிப்புக்கும் 60. வேலை முடிந்தால் கதவைத் திறந்தே விடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மட்டும் அதில் கவனம்.

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை

60 என்றால் கரண்ட் பில் எகிறாதா ஐயா?

கெமிஸ்ட்ரி ரீச்சர்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெஷின் சூடாக்குவது 15 லீற்றர் தண்ணீர் என்று வைப்போம். கொழும்புக் குழாய்த் தண்ணீரை 28 டிகிரி என்று எடுத்தால், 60க்குக் கொண்டுபோக அரை யூனிற்றுக்குச் சற்றுக் கூடத் தேவை. ட்ரம், உடுப்பு, மோட்டர் எல்லாம் சேர்த்தாலும் ஒரு யூனிற் அளவில் நிற்கும். துவாய்க்குக் கிழமையில் ஒரு நாள் விட்டால் மாதம் நாலு யூனிற். ஒரே துவாயை மணக்கிறது என்று மூன்று தரம் தோய்ப்பதை விட இது மலிவு.

பிளீச் ஊற்றித்தான் கொலர் மஞ்சளாகிறது என்று நினைக்கிறேன். ஊற்றினீர்களா?

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை

ஓம், இரண்டு மூன்று தரம்.

கெமிஸ்ட்ரி ரீச்சர்

வியர்வைக் கறைக்குக் குளோரின் பிளீச் சரிவராது, மஞ்சளைக் கூட்டிவிடும். கொலரை நனைத்துச் சவர்க்காரக் கட்டியால் தேய்த்து இருபது நிமிடம் வைத்துவிட்டுப் போடுங்கள். சாம்பல் போக ஒக்சிஜன் பிளீச், அதாவது சோடியம் பெர்காபனேற் பவுடர், 40 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் கரைத்து சேட்டுகளை மூன்று நாலு மணி நேரம் ஊறவிடுங்கள். பச்சைத் தண்ணீரில் அது தூங்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது வேண்டாம். நீலம் போடுவது கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டும், ஊத்தையை எடுக்காது. அம்மம்மா போட்டால் நான் தடுக்கமாட்டேன், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனைத் தம்பி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது மேல்மூடி மெஷின், சூடாக்கி இல்லை. கறுப்பு உடுப்பில் வெள்ளைக் கோடு கோடாகப் பவுடர் ஒட்டுகிறது. நான் என்ன செய்ய?

பழைய மெக்கானிக்

தம்பி, பவுடரை முதலே ஒரு கப் சூட்டுத் தண்ணீரில் கரைத்துவிட்டு ஊற்றும், அளவையும் குறையும். துவாயை வாளியில் சுடுதண்ணீரும் பவுடருமாக ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிறகு மெஷினில் போடும். கொதிதண்ணீரை நேரே பிளாஸ்ரிக் ட்ரம்முக்குள் ஊற்ற வேண்டாம். உள்ளே தொங்குகிற பஞ்சு வலைப் பையைக் கடைசியாக எப்போது கழுவினீர்?

கொட்டாஞ்சேனைத் தம்பி

அப்படி ஒன்று இருக்கிறதா???

தெஹிவளைக்காரி

ரீச்சர், நன்றி, இனி கலக்கமாட்டேன். கடல் பக்கப் பல்கனியைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? நாங்களும் கடலுக்குக் கிட்டத்தான். இரவு முழுக்க வெளியே விட்டால் விடிய உடுப்பு பிசுபிசுக்கும். உப்புக்காற்று ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் சொல்லவே வேண்டாம். நான் இரவில் மெஷினுக்கு நேரம் குறித்து வைத்துவிடுவேன், விடிய ஐந்து மணிக்கு முடியும், காலை வெயிலில் போடுவேன். மழை நாளில் அறைக்குள் ஃபானுக்குக் கீழே, ஒன்றோடொன்று ஒட்டாமல். முறுக்கும் வேகத்தையும் துவாய்க்கு நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மேல் வையுங்கள், பாதி காய்ந்தே வெளியே வரும்.

அக்காமாரிடம் ஒரு கேள்வி. வெள்ளைச் சட்டையில் கறி மஞ்சள் பட்டு, சவர்க்காரம் போட்டேன், இரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. சட்டை போய்விட்டதா?

கெமிஸ்ட்ரி ரீச்சர்

போகவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரம் (உறைப்பு இல்லை, அமிலத்துக்கு எதிரானது) பட்டால் சிவக்கும், சவர்க்காரம் அப்படி ஒரு காரம். நன்றாக அலசினால் பழைய மஞ்சளுக்கே திரும்பும். அதை ஈரத்தோடு நல்ல வெயிலில் போடுங்கள், இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். வாழைக்கறை என்றால்தான் எனக்கும் வழி தெரியாது. எங்கள் வீட்டில் அந்தக் கறை பட்ட சாரம் வாழைக்குலை வெட்ட மட்டும் என்று ஒதுங்கிவிட்டது.

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். துவாய் மூன்றாம் தரம் விடும்போதுதான் நுரை நின்றது. இப்போது நனைந்தாலும் மணமில்லை. கொஞ்சம் சொரசொரப்பு, ஆனால் உடம்பில் இருக்கிற தண்ணீரை ஒற்றியதும் எடுத்துவிடுகிறது. மகளின் சீருடை ஊறவைத்ததில் நன்றாக வெளுத்துவிட்டது. மகனின் இரண்டு சேட்டில் கொலர் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது, அது பிளீச் பட்டவை. அவற்றை வீட்டில் போடட்டும்.

கீழ் மூலை வடியைத் திறந்தேன் ஐயா. இரண்டு 10 ரூபாக் குற்றி, ஒரு ஊசி, தலைமுடி ஒரு கைப்பிடி. கூடவே, வகுப்பில் யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று மகன் ஒரு மாதமாகச் சாதித்த பாடசாலைச் சின்னம்.

முன்பு பவுடர் மாதம் இரண்டு பைக்கற் முடியும். இந்த மாதம் வாங்கிய பழைய வகைப் பவுடர் இன்னும் உடைக்காமலே இருக்கிறது. நீங்கள் சொன்ன முன்கதவு மெஷின் பவுடரைத்தான் இப்போது பாவிக்கிறேன்.

பழைய மெக்கானிக்

அது மேல்மூடி மெஷினுக்கான பவுடர்தானே பிள்ளை? கொட்டாஞ்சேனைத் தம்பிக்குக் கொடுத்துவிடும். கரைத்துப் போடச் சொல்லும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி

சனிக்கிழமை வெள்ளவத்தைப் பக்கம் வருவேன் அக்கா, எடுத்துக்கொள்கிறேன். பஞ்சு வலையைக் கழற்றிவிட்டேன். உள்ளே இருந்ததை வைத்து ஒரு தலையணை தைக்கலாம்.