புதுப்பிப்பு: இடுப்பு வலிக்கு எப்போது ஆபரேஷன்?

"6 வாரம் மருந்து, பிசியோதெரபி பார்த்துவிட்டு முடிவெடுங்கள்" என்று முன்பு எழுதியிருந்தேன். ஒரு திருத்தம்: எல்லாருக்கும் அந்த 6 வாரம் கிடையாது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் மலம் போனாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். தாமதித்தால் சிறுநீர், மலத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் மீளாமலே போகலாம்.

குதிகாலால் 10 அடி நடந்து பாருங்கள். ஒரு பாதம் மட்டும் தொங்கி, செருப்பு நழுவினால் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் எல்5 நரம்பு நசுங்கியிருக்கலாம், அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

எம்ஆர்ஐயில் 'டிஸ்க் பல்ஜ்' (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை பிதுங்கியிருப்பது) என்றிருப்பது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணமாகாது. வலியே இல்லாத 40 வயதுக்காரர்கள் பலருக்கும் அது உண்டு. டிஸ்க் ஆபரேஷன் பெரும்பாலும் தீர்ப்பது காலுக்கு இறங்கும் வலியைத்தான். இடுப்போடு நிற்கும் வலிக்கு அதை நம்பிப் போய் ஏமாறுகிறவர்களை நினைத்தால்தான் மனசு கேட்பதில்லை.