சொல் தேவை: பல்லேடியம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது?

அவையோருக்கு வணக்கம். முதுகலை மாணவர்களுக்கான வினையூக்கவியல் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஹைட்ரஜனேற்றத்துக்கு, அதாவது ஒரு சேர்மத்தோடு ஹைட்ரஜனைச் சேர்ப்பதற்கு, வினையூக்கியான பல்லேடியத்தைக் கரியிலோ அலுமினாவிலோ நுண்துகள்களாகப் பரப்பித்தானே பயன்படுத்துகிறோம்? ஆங்கிலத்தில் ‘support’ எனப்படும் அந்தக் கரியை, அலுமினாவை எப்படி அழைப்பது? ‘தாங்கி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

———

> தாங்கி

வேண்டாம் ஐயா. பொறியியலில் பேரிங்கும் தாங்கி, ஈழத்தில் தண்ணீர்த் தொட்டியும் தாங்கி. வேதியியலிலேயே தாங்கல் கரைசல் இருக்கிறது. தவிர, அது ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்’ போலப் பொறுமையான பொருளா என்ன? டைட்டானியாமேல் (டைட்டானியம் ஆக்சைடு) பல்லேடியத்தை வைத்து ஹைட்ரஜனில் 500 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றுங்கள். ஆக்சைடு மெல்ல ஊர்ந்து வந்து உலோகத்தை மூடிவிடும். ஹைட்ரஜன் ஒட்ட இடமிருக்காது. அப்படி ஒட்டாமல் போவதை 1978-லேயே கண்டார்கள். காரணம் பிறகுதான் தெளிந்தது. தாங்க வேண்டியது தலைமேல் ஏறிக்கொண்டால் அதற்குப் பெயர் தாங்கியா?

———

தொல்காப்பியர் ‘சார்ந்துவரல் மரபின் மூன்று’ என்றாரே, விடை அங்கேயே இருக்கிறது. ‘பாட்டு’, ‘பந்து’ இரண்டின் இறுதியிலும் குற்றியலுகரம்தான். முன்னால் நிற்கும் மெய்யை வைத்தே ஒன்றை வன்றொடர் என்கிறோம், மற்றதை மென்றொடர் என்கிறோம். பல்லேடியமும் அப்படியே. கரிமேல் இருந்தால் ஆல்கைனை (முப்பிணைப்பு) ஆல்கேன்வரை (ஒற்றைப் பிணைப்பு) இழுத்துப் போகும். லிண்ட்லர் வினையூக்கியில் கால்சியம் கார்பனேட்டின்மேல் இருந்தால் இடையிலுள்ள ஆல்கீனோடு (இரட்டைப் பிணைப்பு) நின்றுவிடும். ஆகவே ‘சார்பிடம்’.

(ஹைட்ரஜனேற்றம் எதற்கு? நீரகவேற்றம் என்றால் நா சுளுக்கிக்கொள்ளுமா?)

———

நீரகத்துக்கு வேறு இழை தொடங்குங்கள் ஐயா, வெள்ளிக்கிழமைக்குள் அது முடியாது.

லிண்ட்லரில் வினையை நிறுத்துவது அதில் சேர்க்கும் ஈயமும் குயினோலினும்; அந்தப் பெருமையைக் கார்பனேட்டுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். பரப்பைச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். கிளர்வுற்ற கரிக்குக் கிராமுக்கு 1000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு உண்டு. பேரியம் சல்பேட்டுக்கு அதில் ஒரு சிறு பங்குதான். அதன்மேல் பல்லேடியத்தை வைத்தால் வேகம் மட்டுப்படுகிறது, அமிலக் குளோரைடை ஆல்டிஹைடாக்கும் ரோசன்மண்ட் வினையில் ஆல்டிஹைடு மேலும் வினைப்படாமல் தப்பிப் பிழைக்கிறது. மேலும் ‘சார்பு’ கணிதத்தின் சொத்து. சார்பிடம் என்றதும் மாணவர்கள் வரைபடத்தாளை எடுத்துவிடுவார்கள். என் வாக்கு ‘தாங்குதளம்’.

———

‘கொழுகொம்பு’ என்று வைத்தால் என்ன? கொம்பு எப்படியோ அப்படித்தான் கொடி படரும். நான் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள், ஆனால் மறக்கவில்லை.

———

அழகான சொல், அம்மா. ஆனால் ‘அலுமினாக் கொழுகொம்பில் ஐந்து விழுக்காடு பல்லேடியம்’ என்று அட்டவணையில் எழுதக் கை வரவில்லை. ‘தாங்குதளம்’ என்றே அனுப்பிவிடுகிறேன். அனைவருக்கும் நன்றி.

———

அனுப்புமுன் ‘தாங்குதளத்தின் தாக்கம்’ என்ற தலைப்பை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சார்பிடத்தை நான் இன்னும் விட்டுவிடவில்லை.